முப்பது பேரைக் கேட்டால் என்ன தெரியும்? வன்னியின் பாம்புக்கடியை வைத்து ஒரு விளக்கம்

சிறிய ஆய்வு என்றாலே பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் முப்பது பேரைக் கேட்டு, நாலு வட்ட வரைபடம் போட்டு, கட்டிக் கொடுக்கிற புத்தகம். அலுமாரிக்குள் போனால் பிறகு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த இளக்காரத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் முப்பது பேரைக் கேட்டே உருப்படியான ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். அவர்களைக் கேட்டு எது தெரியவரும், எது தெரியவராது என்பதை முதலிலேயே பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர், பாடசாலை ஆசிரியர், வைத்தியசாலைத் தாதி என்று யார் தொடங்கினாலும் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

உதாரணத்துக்குப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்கிறேன். காட்டுயிர் படிப்பவரும் வைத்தியம் படிப்பவரும் ஒரே கேள்வியில் வந்து முட்டுகிற இடம் அது. இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் குளக்கட்டு, வயல், பற்றைக்காடு, வீட்டு வளவு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நெல் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நாகம், கண்ணாடி விரியன் (புடையன் என்றால்தான் இங்கே பலருக்கு விளங்கும்), எண்ணெய் விரியன் (தமிழ்நாட்டில் கட்டுவிரியன்), கரையோர மணல் பக்கம் சுருட்டை. ஆளைக் கொல்லக்கூடிய விஷம் இந்த நான்குக்கும் உண்டு.

இதை இங்கே தனியாக ஏன் ஆராய வேண்டும், இந்தியப் புத்தகத்தைப் படித்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இலங்கையில் அதோடு கண்ணிமையும் தொங்கும், நரம்பும் தளரும். இந்தியாவின் பெரும்பகுதியில் இது அவ்வளவாகக் காணப்படுவதில்லை. இமை தொங்கினால் நாகம் அல்லது எண்ணெய் விரியன் என்று மட்டும் மனப்பாடம் செய்து வந்தவர் இங்கே தவறு விடுவார். இன்னொன்று, நம் வைத்தியசாலைகளில் ஏற்றுகிற விஷமுறி மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. அதற்கு வேண்டிய பாம்பு விஷத்தைப் பெரும்பாலும் கொடுப்பது மாமல்லபுரம் பக்கம் 1978ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அங்கே பிடித்த பாம்பின் விஷத்துக்கு எதிராகச் செய்த மருந்து இங்கே கடித்த பாம்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை இங்கே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்துச் சொன்ன ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது யாழ்ப்பாணத்தில் நடந்த ஒன்று, 2012ல் வெளிவந்தது. கடித்தது சுருட்டைதான் என்று பாம்பைப் பார்த்தே உறுதிசெய்த 48 பேரை அது எடுத்துக்கொண்டது. சுருட்டை இனம் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவின் சில பகுதிகளிலும் பலரைக் கொல்லுகிறது. இங்கே பாதிப்பு அதைவிட மிதமாக இருப்பதை அந்த 48 பேரை வைத்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்படவில்லை. எந்தப் பாம்பு என்பதில் சந்தேகம் இல்லாத 48 பேர் போதுமாக இருந்தது. ‘ஏதோ பாம்பு கடித்தது’ என்று வந்த ஐந்நூறு பேரை வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

வராதவர்கள் எங்கே?

ஒரு மாணவி கிராமப்புற வைத்தியசாலை ஒன்றில் அனுமதி வாங்கி, ஒரு வருட நோயாளர் விடுதிக் குறிப்புகளைப் புரட்டி, 60 பாம்புக்கடியை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் ‘இப்பிரதேசத்தில் வருடத்துக்கு 60 பேரைப் பாம்பு கடிக்கிறது’ என்று எழுதுகிறார். அந்த வசனம் பிழை. 60 பேர் அந்த வைத்தியசாலைக்கு வந்தார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

வராதவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) போனவர் ஒருவர். ‘சாரைதான், ஒன்றும் செய்யாது’ என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு வீட்டில் இருந்தவர் ஒருவர். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ நேரே போனவர், வரும் வழியிலேயே உயிர் போனவர். இவர்களைத் தவிர, வைத்தியசாலைக்கு வந்தும் பாம்புக்கடி என்று பதியப்படாதவர்கள் உண்டு. எண்ணெய் விரியன் பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட இடமும் சில வேளை தெரியாது. விடியப்புறம் வயிற்றைப் பிசைந்துகொண்டு எழும்புவார், சத்தி வரும், கொஞ்ச நேரத்தில் இமை கனக்கும். வயிற்றுக்குள் ஏதோ என்று பதிந்துவிட்டால் அந்த ஆள் மாணவியின் 60க்குள் இல்லை.

குளத்தில் வலை வீசினால் வலைக்கண்ணுக்குப் பெரிய மீன்தான் வரும், அதை வைத்துக் குளத்தில் குஞ்சு மீன் இல்லை என்று சொல்ல முடியாது. வைத்தியசாலைப் பதிவேடும் அப்படி ஒரு வலைதான்.

இந்த இடைவெளி எவ்வளவு என்று இலங்கையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2012–13ல் நாடு முழுக்க 1,118 கிராம அலுவலர் பிரிவுகளில் 44,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரே போய், கடந்த 12 மாதத்தில் வீட்டில் யாரையாவது பாம்பு கடித்ததா என்று கேட்டார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்கள் 1,65,000 பேருக்கு மேல். 2016ல் முடிவு வந்தது: நாட்டில் வருடத்துக்குச் சுமார் 80,000 கடிகள், அவற்றில் குறிப்பிடத்தக்க விஷப் பாதிப்பு ஏற்பட்டவை சுமார் 30,000, இறப்பு 460 அளவில். வைத்தியசாலைக் கணக்கை மட்டும் பார்த்து நினைத்திருந்ததைவிட இது மிக அதிகம்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை பாருங்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. நூறு கடி நடந்தால் அதில் நாற்பதுக்கும் குறைவானவற்றில்தான் விஷம் குறிப்பிடும்படி ஏறுகிறது. மற்ற அறுபதுக்கும் மேல் விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், அல்லது விஷப்பாம்பு கடித்தும் விஷம் இறங்காமல் போயிருக்கலாம். அந்த அறுபது பேருக்கு வேப்பிலை அடித்தாலும் சரி, மந்திரித்தாலும் சரி, தேத்தண்ணி கொடுத்தாலும் சரி, மறுநாள் வயலுக்குப் போவார்கள்.

பரியாரியாரின் கணக்கும் வைத்தியரின் கணக்கும்

இப்போது பரியாரியாரிடம் போவோம். முப்பது பேரைப் பார்த்தேன், ஒருவரும் சாகவில்லை என்கிறார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் கண்டது அதுதான். ஆனால் அவரிடம் யார் போகிறார்கள்? கடிபட்டும் ஆள் தெளிவாக இருந்தால் வீட்டுக்காரர் பரியாரியாரிடம் கூட்டிப்போவார்கள். பல் முரசில் இரத்தம் கசிந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறினால் ஓட்டோவைப் பிடித்து நேரே வைத்தியசாலைக்கு ஓடுவார்கள். ஆக, லேசான கடி ஒரு பக்கமும் கடுமையான கடி மற்றப் பக்கமும் தானாகப் பிரிந்துவிடுகிறது. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால், பரியாரியாரிடம் இறப்பு இல்லை, வைத்தியசாலையில் இரண்டு என்று வரும். அதை வைத்து யார் நல்ல வைத்தியர் என்று தீர்ப்புச் சொல்வது அபத்தம்.

வைத்தியசாலைக்கும் இதே விதிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். தூரத்துக் கிராமத்தில் கடிபட்டு, மழைக்கு வீதி வெட்டுப்பட்டு, வந்து சேராமலே இறந்தவர் வைத்தியசாலையின் இறப்புக் கணக்கில் ஏறமாட்டார். அவர் விடுபட்டதால் வைத்தியசாலையின் சாதனை அழகாகத் தெரியும்.

சரி, ஆட்கள் இப்படிப் பிரியவே இல்லை, முப்பதும் எல்லா வகையும் கலந்த கடிகள் என்றே வைப்போம். அப்போதும் ‘முப்பதில் ஒருவரும் சாகவில்லை’ என்பது எவ்வளவு சொல்கிறது? புள்ளிவிபரக்காரர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஒரு கெட்டது நடக்கிறதா என்று பார்த்து, அது ஒரு தடவையும் நடக்காவிட்டால், பார்த்த எண்ணிக்கையால் 3ஐ வகுங்கள். உண்மையான ஆபத்து அந்த அளவு வரை இருக்கலாம் என்று அர்த்தம். 3ஐ 30ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது அந்த முறையில் பத்துப் பேருக்கு ஒருவர் சாகக்கூடியதாக இருந்தாலும், முப்பது பேரைப் பார்க்கும்போது ஒரு சாவும் கண்ணில் படாமல் போக இடமுண்டு. நாடு முழுக்கப் பார்த்தால் 80,000 கடிக்கு 460 இறப்பு, நூறுக்கு ஒன்றுகூட இல்லை. முப்பது பேரில் ஒருவரும் சாகாததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, யாரிடம் போயிருந்தாலும்.

எது நல்ல வைத்தியம் என்ற கேள்விக்கு முப்பது பேரின் ஆய்வு விடை சொல்லாது. அந்த வகைக் கேள்விக்கு எவ்வளவு பெரிய வேலை தேவை என்பதற்கு ஒரு உதாரணம்: விஷமுறி மருந்து ஏற்றும்போது உடம்பு ஒவ்வாமல் போவது இங்கே அடிக்கடி நடப்பது. அதைத் தடுக்க முன்கூட்டியே சிறிய அளவு அட்ரினலின் ஊசி போடலாமா என்று இலங்கையில் ஆராய்ந்தார்கள். 1,000க்கும் மேற்பட்ட நோயாளர்களை, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அட்ரினலின் உதவுகிறது என்று 2011ல் முடிவு வந்தது. பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் மூன்று மாதத்தில் செய்கிற காரியம் அல்ல அது. செய்ய முடியாததைத் தொடங்கி அரைகுறையாக முடிப்பதைவிட, வேறு கேள்வி கேட்பது மேல்.

இரண்டு கிராமத்தை ஒப்பிடுகிற ஆசை

தொடங்குபவர் எல்லோருக்கும் வருகிற இன்னொரு ஆசை இது. காட்டோரக் கிராமத்தில் கடி அதிகமா, வயற்கரைக் கிராமத்தில் அதிகமா? கேள்வி நல்ல கேள்வி. கணக்கைப் பாருங்கள். 200 குடும்பம் உள்ள கிராமத்தில் 800 பேர் இருக்கலாம். நாட்டுச் சராசரி வருடத்துக்கு லட்சம் பேருக்கு 400 கடி. 800 பேருக்கு மூன்று கடி சொச்சம். அவ்வளவுதான். மூன்று என்பது சராசரி, எந்த ஒரு வருடத்திலும் அது ஒன்றுமில்லாமலும் போகலாம், ஏழாகவும் வரலாம், வெறும் தற்செயலால். காட்டோரக் கிராமத்தில் ஆறும் வயற்கரையில் இரண்டும் வந்ததும் ‘மூன்று மடங்கு ஆபத்து’ என்று தலைப்புப் போட்டால், அடுத்த வருடம் அது தலைகீழாக மாறி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

காட்டுயிர்ப் பக்கமும் இதே கதை. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலோ பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ வாகனத்தில் அடிபட்டுச் செத்த பாம்புகளை எண்ணுவது நல்ல சிறிய ஆய்வு. செலவு குறைவு, உயிருள்ள பாம்பைத் தொடவும் வேண்டாம். ஆனால் ‘பத்துப் பாம்பு கண்டேன்’ என்பது ஒன்றும் சொல்லாது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள், நடந்தா சைக்கிளிலா, எத்தனை மணிக்கு? விடிந்து நேரம் போனால் காகமும் கீரியும் நாயும் துப்புரவாக்கிவிடும். சின்னப் பாம்பு முதலில் மறையும், பெரிய சாரை மத்தியானம் வரைக்கும் கிடக்கும். அதை மட்டும் எண்ணிவிட்டு ‘இந்த வீதியில் அதிகம் சாவது சாரை’ என்று எழுதுபவர் உண்மையில் சொல்வது, சாரையின் உடலைத் தூக்கிப்போகக் காகத்தால் முடியவில்லை என்பதை. மோட்டார் சைக்கிளில் போய் எண்ணுகிறவருக்குச் சுருட்டை கண்ணில் படவே படாது.

ஒன்றை எண்ணினால், அதை எதால் வகுக்கிறோம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை தடவைக்கு. வகுக்கும் எண் இல்லாத எண்ணிக்கை ஊர்க்கதை.

முப்பது பேருக்கு ஏற்ற கேள்விகள்

அப்போ சிறிய ஆய்வு எதற்குத்தான் உதவும்? ‘எவ்வளவு’ என்ற கேள்வியை விட்டு ‘எப்படி’ என்ற பக்கம் வந்தால் கதவு திறக்கும். கடிபட்டதிலிருந்து வைத்தியசாலை வாசல் வரைக்கும் என்னென்ன நடந்தது? முதலில் யாருக்குச் சொன்னார்கள்? கயிறு கட்டினார்களா, கீறினார்களா? (இரண்டும் செய்யக்கூடாதவை. இலங்கை மருத்துவச் சங்கம் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியை ஆய்வு தொடங்க முன் ஒரு தடவையாவது வாசியுங்கள்.) வாகனம் யாருடையது, யார் காசு கொடுத்தது, நேரம் எங்கே தொலைந்தது? முப்பது பேரின் பயணத்தை ஆறுதலாகக் கேட்டு எழுதினால், தாமதம் விழுகிற இடங்கள் தெளிவாகத் தெரியும். பதினைந்தாவது ஆளுக்குப் பிறகு புதிய காரணம் வராமல் பழையதே திரும்பத் திரும்ப வந்தால், கேட்டது போதும் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

வைத்தியசாலைக்குள்ளேயே இன்னும் கச்சிதமான கேள்வி ஒன்று இருக்கிறது, தாதியரும் பயிற்சி வைத்தியரும் செய்யக்கூடியது. கண்ணாடி விரியன் கடிக்கு 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை என்று ஒன்று உண்டு. இரண்டு மூன்று மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பது. பிறகு ஒரு தடவை சரித்துப் பார்ப்பது. கட்டியாகியிருந்தால் நல்லது, தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. பார்க்க எளிது, ஆனால் கெடுக்க வழிகள் பல. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால், அல்லது சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியதாக இருந்தால், நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம். அப்போது தேவையில்லாமல் விஷமுறி மருந்து ஏறும். ஆள் வேலையில் ஓடிவிட, 20 நிமிடம் நாற்பதாகும். நடுவில் ஒருவர் வந்து ‘என்ன, உறைஞ்சிட்டுதா?’ என்று குழாயை ஆட்டிப் பார்ப்பார்.

ஒரு விடுதியில் நடந்த இத்தகைய முப்பது சோதனைகளைக் கூட இருந்து பார்த்து, குழாய் எது, நேரம் எவ்வளவு, ஆட்டினார்களா என்று குறித்தால், அது முழுமையான ஆய்வு. வகுக்கும் எண் கையில் இருக்கிறது: பார்த்த சோதனைகள் முப்பது. விடை கிடைத்த வாரமே திருத்தலாம், புதுக் குழாய்ப் பெட்டியும் சுவர் மணிக்கூடும் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள். முதல் சில நாட்களின் குறிப்பைத் தனியாக வைத்து, பின்னால் வந்தவற்றோடு ஒத்துப்பாருங்கள்.

மூன்றாவது வகை, ஒருவருக்கு ஒருவர் என்று சோடி போடுவது. கடிபட்ட ஒவ்வொருவருக்கும் அதே ஊரில், அதே வயதில், கடிபடாத ஒருவரைத் தேடிப் பிடித்து, இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது. இரவில் எங்கே படுப்பீர்கள், நுளம்புவலை உண்டா, நெல் மூட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அரிதாக நடக்கும் ஒன்றைக் குறைந்த ஆட்களோடு ஆராய இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் கடி நடக்கும்வரை 800 பேரைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நேபாளத்தின் தெற்குத் தாழ்நிலத்தில் இப்படிச் செய்த ஆய்வு ஒன்று 2007ல் வெளிவந்தது. நுளம்புவலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி மிகக் குறைவு என்று காட்டியது. நுளம்புக்காகத் தொங்கிய வலை பாம்பையும் மறித்திருக்கிறது. வன்னியிலும் நிலத்தில் படுப்பவர்கள் நிறையப் பேர், எண்ணெய் விரியனும் உண்டு. இங்கே இதைச் செய்து பார்க்க ஒரு மாணவர் குழுவே போதும்.

சோடியைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். கடிபட்டவரின் சோடியாக வைத்தியசாலை வரிசையில் நின்ற யாரையாவது பிடித்தால் அவர் நகரத்தில் கல்வீட்டில் இருப்பவராக இருக்கலாம். அப்புறம் நீங்கள் அளப்பது வலையின் பலனா, வீட்டின் பலனா என்று தெரியாது.

எப்போது கடித்தது, எது கடித்தது

போன 12 மாதத்தில் கடித்ததா என்று கேட்டால் ஆட்கள் இரண்டு வருடத்துக்கு முந்தியதையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். பெரிய சம்பவம் மனதில் எப்போதும் கிட்டவே நிற்கும். திகதி கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் பருவம் எல்லோருக்கும் தெரியும். காலபோக விதைப்புக்கு முந்தியா பிந்தியா, அரிவு வெட்டுக்கா, சிறுபோகத்துக்கா? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில், மடு மாதா திருவிழா ஆவணியில். ‘போன வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிறகு வீட்டில் யாரையாவது...’ என்று தொடங்கினால் எல்லை தெளிவாக விழுந்துவிடும், சைவ வீட்டிலும் சரி, வேத (கிறிஸ்தவ) வீட்டிலும் சரி. முஸ்லிம் கிராமம் என்றால் நோன்புப் பெருநாளை வையுங்கள், அது வருடத்துக்கு வருடம் முன்னால் நகர்வதை மட்டும் மறக்கவேண்டாம்.

பழைய காலத்தைக் கேட்கப் போனால் வன்னியில் இன்னொன்று வரும். இங்கே வருடங்களைப் போர்க்கால இடம்பெயர்வை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ‘அது மல்லாவியில் இருந்த நேரம்’ என்று ஆரம்பித்த பாம்புக்கடிக் கதை எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. அது உங்கள் வினாத்தாளில் இல்லை என்பதற்காகக் கதையை வெட்டிவிடாதீர்கள், கேட்டுக்கொண்டிருங்கள். எழுதத் தேவையில்லை.

எது கடித்தது என்பது இதைவிடச் சிக்கல். அடித்துக் கொண்டுவந்த பாம்பு இருந்தால் நல்லது (ஆனால் அடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ஆய்வுக்காகப் பாம்பைக் கொண்டுவரச் சொல்லவே கூடாது, தூர நின்று கைபேசியில் படம் எடுத்தால் போதும்). எண்ணெய் விரியனையும் அதைப் போலவே பட்டை போட்ட விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் பெரியவர்களே மாற்றிச் சொல்வார்கள். எண்ணெய் விரியனுக்கு வெள்ளைப் பட்டை வால் பக்கம் தெளிவாக இருந்து தலைப் பக்கம் மங்கும். ஓநாய்ப் பாம்புக்குத் தலைப் பக்கம் தெளிவு, வால் பக்கம் மங்கல். இன்னும் கிட்டப் பார்த்தால், எண்ணெய் விரியனின் முதுகு நடுவில் ஓடும் செதில் வரிசை மற்றச் செதில்களைவிடப் பெரிது, அறுகோணமாக இருக்கும். படத்தில் அந்த வரிசை தெரிந்தால் விசயம் முடிந்தது. தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று ஒரு பெட்டி வினாத்தாளில் இருக்க வேண்டும், அதில் தாராளமாகப் புள்ளடி போட வேண்டும். ‘தெரியாது’ அதிகமாக இருப்பது ஆய்வின் குறை அல்ல. ஊகத்தைப் பாம்பின் பெயராக எழுதினால்தான் ஆய்வு கெடும்.

அனுமதி விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களைக் கேட்பதானால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, வைத்தியசாலைக் குறிப்பென்றால் அதோடு வைத்தியசாலைப் பொறுப்பாளர், காட்டுயிரென்றால் வனசீவராசிகள் திணைக்களம், ஒதுக்கக் காடென்றால் வனத் திணைக்களமும். கிராம அலுவலருக்குச் சொல்லாமல் ஊருக்குள் குறிப்புப் புத்தகத்தோடு நுழையவேண்டாம். போருக்குப் பிறகு இந்த மக்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை, ‘என்ன தருவீங்கள்?’ என்று கேட்பதில் தப்பும் இல்லை. ஒன்றும் தரமாட்டோம் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் போவதானால் மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று ஊரில் விசாரிக்காமல் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கக்கூடாது. மாடு மேய்ப்பவரைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

கடைசியாக எழுதும் விதம். முப்பதில் பதினொரு பேர் என்றால் ‘30 பேரில் 11’ என்றே எழுதுங்கள். 36.67 சதவீதம் என்று எழுதினால், இல்லாத நுணுக்கம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு ஆள் மாறிச் சொல்லியிருந்தால் அந்த எண் மூன்று புள்ளிக்கு மேல் தாவும். யாரைக் கேட்டோம் என்பதற்குக் கொடுக்கிற இடத்தை யாரைக் கேட்க முடியவில்லை என்பதற்கும் கொடுங்கள்: வீட்டில் இல்லாதவர், கதைக்க மறுத்தவர், இறந்துபோனவரின் குடும்பம்.

புத்தகமாகக் கட்டிக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு பக்கத்தில் தமிழில் சுருக்கம் எழுதி ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள். கிராம அலுவலருக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று, பரியாரியாருக்கு ஒன்று. பரியாரியார் தன்னிடம் வந்தவர்களில் எத்தனை பேரைத் தானே வைத்தியசாலைக்கு அனுப்பினார் என்ற எண்ணையும் அந்தப் பக்கத்தில் சேருங்கள். அதை வேறு யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள், அடுத்த தடவை போகும்போது அவர் கொப்பியை எடுத்துக் காட்டவும் கூடும்.